திறந்த கதவும் மூடிய கதவும்
வழக்கறிஞர் வில்லியம் ஹென்றி லூயிஸ் வரலாறு

ஒருவனுடைய திறமையைக் கண்டு வியந்து, அவனுக்காக ஒரு கதவைத் திறந்துவிடுவது ஒன்று. அந்தக் கதவின் வழியே எவரும் நுழையலாம் என்று உரிமை வகுப்பது மற்றொன்று. முன்னது கொடை, பின்னது சட்டம். கொடையைக் கொடுத்த கை திரும்பவும் பறித்துக்கொள்ளலாம். சட்டத்தை அவ்வளவு எளிதில் பறித்துவிட முடியாது. இவ்வேறுபாட்டைத் தம் வாழ்நாளிலேயே இருமுறை நேருக்கு நேர் கண்டவர் வில்லியம் ஹென்றி லூயிஸ். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1868 முதல் 1949 வரை வாழ்ந்த அவர், கல்லூரி விளையாட்டு வீரராகப் புகழ்பெற்றுப் பின்னர்ச் சட்டத்துறையில் உயர்ந்த கறுப்பினத்தவர். அவருடைய வெற்றிகளைப் போலவே, அவ்வெற்றிகளின் எல்லையும் வரலாற்று மாணவர் ஆராய வேண்டியதாகும்.

விடுதலையின் முதல் தலைமுறை

அமெரிக்க நாட்டில் அடிமை முறையை ஒழித்த அரசியலமைப்புத் திருத்தம் 1865ஆம் ஆண்டு நிறைவேறியது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர், 1868 நவம்பர் 28ஆம் நாள், தென்மாநிலமாகிய வர்ஜீனியாவில் நார்ஃபோக் நகரையடுத்த பெர்க்லி என்னும் ஊரில் லூயிஸ் பிறந்தார். பெற்றோர் இருவரும் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்கள். தந்தையார் பாப்டிஸ்ட் திருச்சபையில் சமயப் பணி புரிந்தார். எழுத்தறிவு அடிமைகளுக்கு மறுக்கப்பட்டிருந்த மண்ணில், விடுதலை பெற்ற மக்கள் முதலில் நாடியது பள்ளிக்கூடத்தையே. லூயிஸும் அந்தத் தாகத்தோடு வளர்ந்தவர்.

பீட்டர்ஸ்பர்க் நகரில் கறுப்பின மாணவர்களுக்கென வர்ஜீனியா மாநிலம் நிறுவிய ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் அவர் பயின்றார். அக்கல்லூரியின் தலைவராக விளங்கியவர் ஜான் மெர்சர் லாங்ஸ்டன் என்னும் பெயர்பெற்ற கறுப்பின வழக்கறிஞர். சட்டமறிந்த ஒருவரைத் தம் இனத்தின் தலைவராகக் கண்ணெதிரே காணும் வாய்ப்பு லூயிஸுக்கு இளமையிலேயே கிட்டியது.

1888இல் அவர் வடக்கே மசாசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் சேர்ந்தார். பீட்டர்ஸ்பர்க்கில் உடன் பயின்ற வில்லியம் டெகும்சே ஷெர்மன் ஜாக்சன் என்பவரும் அங்கே சேர்ந்தார். இருவரும் கல்லூரிக் காற்பந்து அணியில் இடம்பெற்றனர்.

ஈண்டு ஒரு விளக்கம் தேவை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மக்கள் விரும்பிப் பார்க்கும் காற்பந்து வேறு. அமெரிக்கக் கல்லூரிகள் ஆடிய காற்பந்து வேறு. நீள்வட்டப் பந்தைக் கையிலேந்திக்கொண்டு எதிரணியின் வரிசையை முட்டிப் பிளந்து முன்னேறுவதே அவ்வாட்டத்தின் இயல்பு. அந்நாளில் காப்புக் கவசங்கள் மிகக் குறைவு. எலும்பு முறிவோ சர்வ சாதாரணம். பந்தைப் பின்னுக்குத் தள்ளி ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் நடு ஆட்டக்காரர்மீதே மோதல் முழுவதும் வந்து விழும். அந்த இடத்தில்தான் லூயிஸ் நின்றார். அவருடைய எடை சுமார் 175 இராத்தல். அவ்விடத்திற்கு அது குறைவான எடையே. ஆயினும் வேகமும் கூர்மதியும் அக்குறையை ஈடுசெய்தன.

1891இல் ஆம்ஹர்ஸ்ட் அணி அவரைத் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. வெள்ளை மாணவர்கள் நிறைந்த ஓர் அணி, அடிமைகளின் மகன் ஒருவனைத் தலைவனாக ஏற்றது அந்நாளில் வியப்பிற்குரிய செய்தி. அடுத்த ஆண்டு பட்டமளிப்பு விழாவில் வகுப்பின் சார்பில் சொற்பொழிவாற்றும் பெருமையும் அவருக்குக் கிட்டியது. அன்று பட்டம் பெற்ற கறுப்பின மாணவர் மூவர்: லூயிஸ், ஜாக்சன், ஜார்ஜ் வாஷிங்டன் ஃபோர்ப்ஸ். பிற்காலத்தில் பேரறிஞராகத் திகழ்ந்த டு பாய்ஸ், அப்போது ஹார்வர்டு மாணவராக அவ்விழாவைக் காண வந்திருந்தார்.

ஹார்வர்டும் முடிதிருத்தகமும்

1892இல் லூயிஸ் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். சட்ட மாணவரும் பல்கலைக்கழக அணியில் ஆடலாம் என்பது அந்நாளைய விதி. 1892, 1893 ஆகிய இரண்டாண்டுகளிலும் அவர் ஹார்வர்டின் நடு ஆட்டக்காரராக விளங்கினார். நாடு முழுவதிலுமுள்ள கல்லூரி வீரர்களுள் தலைசிறந்த பதினொருவரைத் தெரிந்து வெளியிடும் பட்டியலில் இரண்டாண்டுகளும் அவர் பெயர் இடம்பெற்றது. அப்பட்டியலில் இடம்பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. 1893இன் இறுதி ஆட்டத்தில் அணித்தலைவர் ஆட இயலாமற் போனபோது, தலைமைப் பொறுப்பும் அவரிடமே ஒப்படைக்கப்பட்டது.

மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் அவரைக் கைதட்டிப் பாராட்டினர். மைதானத்திற்கு வெளியே நிலைமை என்ன? 1893இல் கேம்பிரிட்ஜ் நகரில் ஒரு முடிதிருத்தகத்திற்கு அவர் சென்றபோது, கறுப்பினத்தவர் என்ற காரணத்தால் அவருக்குச் சவரம் செய்ய மறுத்துவிட்டனர். ஹார்வர்டின் புகழ்மிக்க வீரர், சட்டம் பயிலும் மாணவர் என்பவையெல்லாம் அந்த நாற்காலியில் அமரப் போதவில்லை.

இந்த இடத்தில்தான் லூயிஸின் சட்டக்கல்வி அவருக்குக் கைகொடுத்தது. அவர் அந்தக் கடைக்காரரோடு சண்டையிட்டுத் தமக்கு மட்டும் விலக்குப் பெற முயலவில்லை. குறை எங்கே இருக்கிறதென்று சட்டப் புத்தகத்தில் தேடினார். பொது இடங்களில் இன வேற்றுமை பாராட்டுவதைத் தடுக்கும் சட்டத்தை மசாசூசெட்ஸ் மாநிலம் 1865ஆம் ஆண்டிலேயே இயற்றியிருந்தது. விடுதி, பொதுப் போக்குவரத்து, கேளிக்கை அரங்கு முதலியவற்றை அது குறித்தது; முடிதிருத்தகத்தைக் குறிக்கவில்லை. லூயிஸ், பாஸ்டன் நகரின் கறுப்பின வழக்கறிஞராகிய பட்லர் வில்சனோடு சேர்ந்து சட்டமன்றத்தை அணுகினார். அதே 1893இல் சட்டம் திருத்தப்பட்டு, முடிதிருத்தகங்களும் அதன் எல்லைக்குள் வந்தன.

இந்நிகழ்ச்சியின் அருமையை உணர வேண்டுமாயின் அக்காலத்து நாட்டு நிலைமையை நினைவுகூர வேண்டும். பொது இடங்களில் சம உரிமை வழங்குவதற்காக 1875இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தை, 1883இல் உச்சநீதிமன்றம் செல்லாதென்று தள்ளிவிட்டது. தென்மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இரயில் பெட்டியையும் பள்ளியையும் நிறத்தால் பிரித்து வந்தன. 1896இல், பிரித்து வைத்தாலும் வசதி சமமாயிருந்தாற் போதும் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்துப் பிரிவினைக்கு முத்திரையிட்டது. காற்று முழுவதும் எதிர்த்திசையில் வீசிய காலத்தில், ஒரு மாநிலத்திலேனும் ஒரு சொற்றொடரைச் சட்டத்தில் சேர்த்த இளைஞரின் செயல் சிறிய செயலன்று. தமக்கு நேர்ந்த அவமதிப்பை எல்லாருக்குமான உரிமையாக அவர் மாற்றினார்.

பதவிகளும் அவற்றின் விலையும்

1895இல் சட்டப்பட்டம் பெற்ற லூயிஸ் பாஸ்டனில் தொழில் தொடங்கினார். அதனோடு ஹார்வர்டு அணிக்குப் பயிற்சியளிக்கும் பணியையும் 1906 வரை செய்து வந்தார். 1896இல் கல்லூரிக் காற்பந்தாட்டத்தின் அடிப்படைகளை விளக்கி அவர் எழுதிய நூலொன்று வெளியாயிற்று. இன்னின்னார் தனியே அமர வேண்டுமென்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் ஒப்புதல் அளித்த அதே ஆண்டில், ஒரு கறுப்பின ஆசிரியரின் நூலைக் கொண்டு வெள்ளை இளைஞர்கள் ஆட்டம் பயின்றனர்!

கேம்பிரிட்ஜ் நகரமன்றத்திற்கு 1899 முதல் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர் 1902இல் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்கினார். அப்போது அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த தியோடர் ரூஸ்வெல்ட், தாமும் ஹார்வர்டில் பயின்றவர், காற்பந்தாட்டத்தில் ஆர்வமிக்கவர். 1903இல் அவர் லூயிஸைப் பாஸ்டனிலிருந்த மத்திய அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் உதவி வழக்கறிஞராக நியமித்தார்.

இந்நியமனத்திற்குப் பின்னால் வேறொருவரின் செல்வாக்கும் இருந்தது. அவர்தாம் அலபாமாவின் டஸ்கீகி கல்விநிலையத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன். கறுப்பினத்தவர் அரசியல் உரிமைக்காக இப்போதைக்குப் போராடாமல், கைத்தொழில் கற்றுப் பொருள் ஈட்டி முன்னேற வேண்டும் என்பது அவர் கொள்கை. அதனை எதிர்த்தோர், வாக்குரிமையும் சம உரிமையும் இல்லாத முன்னேற்றம் மணல்மேல் கட்டிய வீடு என்றனர். அவர்களுள் தலையானவர் ஹார்வர்டுப் பட்டதாரியான வில்லியம் மன்றோ டிராட்டர். ஆம்ஹர்ஸ்டில் லூயிஸோடு ஒரே நாளில் பட்டம் பெற்ற ஃபோர்ப்ஸும் இவரும் சேர்ந்து 1901இல் பாஸ்டனில் ‘கார்டியன்’ என்னும் இதழைத் தொடங்கி வாஷிங்டனைக் கடுமையாகத் தாக்கினர்.

லூயிஸ் எப்பக்கம் நின்றார்? தொடக்கத்தில் வாஷிங்டனைக் குறைகூறியோர் பக்கமே நின்றார். ஆனால் அரசுப் பதவிகளுக்கு வாஷிங்டனின் பரிந்துரை இன்றியமையாததாயிற்று; லூயிஸும் அவரோடு இணங்கிச் சென்றார். 1903 ஜூலை 30ஆம் நாள் பாஸ்டன் தேவாலயமொன்றில் வாஷிங்டன் பேசவிருந்த கூட்டத்திற்குத் தலைமை தாங்கியவர் லூயிஸே. டிராட்டர் எழுந்து வினாக்களைத் தொடுக்க, அவையில் பெருங்குழப்பம் விளைந்தது. காவலர் வந்து டிராட்டரைப் பிடித்துச் சென்றனர். அவர் முப்பது நாள் சிறையிலிருந்தார். ஒரு காலத்தில் ஒரே வழியில் நடந்தவர்களுள் ஒருவர் மேடைத் தலைவராகவும் மற்றவர் கைதியாகவும் அன்று பிரிந்தனர்.

லூயிஸைப் பதவிக்காகக் கொள்கையை விட்டவர் என்று எளிதாகத் தீர்ப்புக் கூறிவிடலாம். ஆயினும் அத்தீர்ப்பு முழுமையாகாது. அரசின் உள்ளே ஒரு கறுப்பினத்தவர் இருப்பதே பின்வருவோர்க்கு வழி வகுக்கும் என்று அன்று உண்மையாகவே நம்பியோர் பலர். அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு விடை ஒன்பது ஆண்டுகளில் கிடைத்தது.

1912ஆம் ஆண்டின் சோதனை

குடியரசுத் தலைவர் டாஃப்ட், லூயிஸை அமெரிக்க ஐக்கிய நாட்டின் துணைச் சட்டத்துறைத் தலைவர்களுள் ஒருவராக நியமித்தார். தென்மாநிலச் செனட்டர்களின் எதிர்ப்பைக் கடந்து, 1911 ஜூன் மாதத்தில் செனட் சபை அந்நியமனத்தை உறுதிசெய்தது. மத்திய அரசின் நிர்வாகத் துறையில் அதுவரை எந்தக் கறுப்பினத்தவரும் அவ்வளவு உயர்ந்த பதவியில் அமர்ந்ததில்லை.

அதே ஆண்டில் அவர் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் உறுப்பினராகவும் சேர்க்கப்பட்டார். 1878இல் நிறுவப்பட்ட அச்சங்கம் நாட்டின் வழக்கறிஞர்களுக்கெல்லாம் தலைமையான அமைப்பு. பட்லர் வில்சனும், மினியாபொலிஸ் நகர வழக்கறிஞர் வில்லியம் மாரிஸும் அக்காலத்திலேயே உறுப்பினராயினர். இவர்கள் கறுப்பினத்தவர் என்பது தெரியவந்ததும் தென்மாநில உறுப்பினர்கள் கொதித்தெழுந்தனர். 1912 ஜனவரியில் சங்கத்தின் செயற்குழு, லூயிஸின் தேர்தலை நீக்கித் தீர்மானித்தது. நாட்டின் வழக்குகளை நடத்தத் தகுதியுள்ளவர், வழக்கறிஞர் சங்கத்தில் அமரத் தகுதியற்றவராம்!

லூயிஸ் விலக மறுத்தார். அவருடைய மேலதிகாரியாகிய சட்டத்துறைத் தலைவர் ஜார்ஜ் விக்கர்ஷாம், செயற்குழுவின் போக்கைக் கண்டித்துச் சங்கத்தின் 4,700 உறுப்பினர்களுக்கும் கடிதம் விடுத்தார். சங்கத்தின் முன்னாள் தலைவரும், கறுப்பின மக்களின் முன்னேற்றத்திற்காகப் பாடுபட்ட தேசியச் சங்கத்தின் முதல் தலைவருமான மூர்ஃபீல்டு ஸ்டோரியும் அவர் பக்கம் நின்று வாதாடினார்.

1912 ஆகஸ்டில் மில்வாக்கி நகரில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் கூடியது. அங்கே எழுந்தது ஒரு சமரசம். முன்னரே சேர்க்கப்பட்டுவிட்ட மூவரும் உறுப்பினராக நீடிக்கலாம். ஆனால் இனிமேல் எவரையேனும் உறுப்பினராகச் சேர்க்கப் பரிந்துரைத்தால், அவர் இன்ன இனத்தவர் என்பதையும் தெரிவித்தாக வேண்டும். வெள்ளையரை மட்டுமே சேர்ப்பது சங்கத்தின் வழக்கம் என்று அத்தீர்மானமே வெளிப்படையாகக் கூறியது. மாரிஸ் தாமே விலகிக்கொண்டார். லூயிஸும் வில்சனும் உறுப்பினராக நிலைத்தனர்.

இது வெற்றியா, தோல்வியா? லூயிஸ் தம் நாற்காலியை இழக்கவில்லை, அவ்வளவில் வெற்றி. ஆனால் அவருக்குப் பின்னால் அந்த வாயில் தாழிடப்பட்டது. இன வேற்றுமை உறுப்பினர் சேர்க்கைக்குத் தடையாகாது என்று அச்சங்கம் தீர்மானிக்க 1943ஆம் ஆண்டு வரை, அதாவது முப்பத்தோர் ஆண்டுகள் ஆயின. இடையில் கறுப்பின வழக்கறிஞர்கள் 1925இல் அயோவா மாநிலத்தில் கூடித் தங்களுக்கென ஒரு தேசியச் சங்கத்தை நிறுவிக்கொள்ள நேர்ந்தது.

1893ஐயும் 1912ஐயும் அருகருகே வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். முடிதிருத்தகத்தில் லூயிஸ் ஒரு பெயரற்ற வாடிக்கையாளர். ஆயினும் அங்கே அவர் பெற்றது எல்லாருக்குமான சட்டம். வழக்கறிஞர் சங்கத்தில் அவர் நாட்டின் உயர்ந்த பதவியினர், நண்பர்களாகச் சட்டத்துறைத் தலைவரே வாய்த்தவர். ஆயினும் அங்கே அவர் பெற்றது தமக்கு மட்டுமான விலக்கு. புகழும் பதவியும் மிகுந்திருந்த இடத்தில் கிடைத்தது சிறிது; அவை பயன்படாத இடத்தில் கிடைத்தது பெரிது.

ஆடுகளத்தில் பிறர் கண்டது

இந்நிலை லூயிஸ் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. அவருக்குப் பின் வந்த கல்லூரி வீரர்களும் இதனையே கண்டனர். ரட்கர்ஸ் கல்லூரியின் ஒப்பற்ற வீரர் பால் ராப்சன், 1916இல் தென்மாநிலக் கல்லூரி அணியொன்று தம்மோடு ஆட மறுத்ததால் சொந்த மைதானத்திலேயே வெளியே நிறுத்தப்பட்டார். அவர் 1923இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டப்பட்டம் பெற்றார். ஆனால் வேலைக்கமர்ந்த அலுவலகத்தில், கறுப்பினத்தவர் சொல்ல எழுதமாட்டேன் என்று ஒரு சுருக்கெழுத்தாளர் மறுக்கவே, அத்தொழிலையே விட்டுப் பாடகராகவும் நடிகராகவும் உலகப் புகழ் பெற்றார். அயோவா பல்கலைக்கழகத்தின் வீரர் டியூக் ஸ்லேட்டரோ தொழில்முறையில் காற்பந்து ஆடிக்கொண்டே பயின்று 1928இல் சட்டப்பட்டம் பெற்றார். 1948இல் சிகாகோ நகரில் நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சட்டம் ஒருவரை விரட்டியது. ஒருவரை நீதிபீடத்தில் அமர்த்தியது. இரண்டும் ஒரே நாட்டில் நிகழ்ந்தன.

பிற்கால வழக்குகள்

1913இல் உட்ரோ வில்சன் குடியரசுத் தலைவரானார். லூயிஸின் பதவிக்காலம் அதனோடு முடிந்தது. வாஷிங்டன் நகரின் அரசு அலுவலகங்களிலேயே கறுப்பின ஊழியரைப் பிரித்து அமர்த்தும் வழக்கம் அவ்வாட்சியில் பரவியது. மேலிருந்து வந்த கொடை எவ்வளவு விரைவில் மறையும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

பதவியை இழந்த லூயிஸ் பாஸ்டனுக்குத் திரும்பித் தனித்தொழில் நடத்தினார். வழக்காடுவதில் பெரும்புகழ் பெற்றார். பதவியின் கட்டு நீங்கியபின் அவருடைய குரல் மீண்டும் பழைய இடத்திற்கு வந்தது. கறுப்பினத்தவரை இழிவாகக் காட்டிய ஒரு திரைப்படம் 1915இல் பாஸ்டனுக்கு வந்தபோது எழுந்த எதிர்ப்பில், லூயிஸும் டிராட்டரும் மீண்டும் ஒரே அணியில் நின்றனர்.

1926இல் உச்சநீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கிலும் லூயிஸின் பெயர் காணப்படுகிறது. வாஷிங்டன் நகரில் ஒரு தெருவின் வீட்டுக்காரர்கள், தங்கள் வீடுகளைக் கறுப்பினத்தவருக்கு விற்பதில்லையென்று ஒப்பந்தம் செய்துகொண்டனர். அவர்களுள் ஒருவர் ஒரு கறுப்பினப் பெண்மணிக்கு வீட்டை விற்க முற்பட, அண்டை வீட்டார் வழக்குத் தொடுத்தனர். அவ்வொப்பந்தத்தை எதிர்த்து வாதம் எழுதிய வழக்கறிஞர்களுள் ஸ்டோரியோடு லூயிஸும் ஒருவர். நீதிமன்றமோ, தனியார் செய்துகொண்ட ஒப்பந்தம் அரசியலமைப்பின் தடைக்குள் வராதென்று கூறி வழக்கைத் தள்ளிவிட்டது.

தோற்ற வழக்கு வீணான வழக்கன்று. அன்று எழுப்பிய வினா உறங்காமல் இருந்தது. 1948 மே மாதத்தில் அதே உச்சநீதிமன்றம், இத்தகைய ஒப்பந்தங்களை நிறைவேற்ற நீதிமன்றங்கள் துணைபோகலாகாது என்று தீர்ப்பளித்தது. அப்போது லூயிஸுக்கு வயது எழுபத்தொன்பது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் தாம் தோற்ற வாதத்தின் பயனைக் கண்ணாற் கண்டபின், 1949 ஜனவரி முதல் நாள் பாஸ்டனில் அவர் மறைந்தார்.

வரலாறு தரும் பாடம்

அவரை ஏற்கத் தயங்கிய அமெரிக்க வழக்கறிஞர் சங்கம், 2003இல் டென்னிஸ் ஆர்ச்சர் என்னும் கறுப்பினத்தவரைத் தன் தலைவராக ஏற்றது. மில்வாக்கிக் கூட்டத்திற்கும் அதற்கும் இடையே தொண்ணூற்றோர் ஆண்டுகள். லூயிஸின் பெயர் 2009இல் அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்துப் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டது. அவர் ஆடி முடித்து நூற்றுப்பதினைந்து ஆண்டுகள் கடந்திருந்தன.

மாணவர்க்கு வரலாறு கூறும் ஆசிரியர்கள், ‘இவர் முதல்வர், அவர் முதல்வர்’ என்று பட்டியலிடுவதோடு நிறைவடைந்துவிடலாகாது. ஒருவர் முதலாவதாக நுழைந்தார் என்பது பாதி வரலாறே. இரண்டாமவர் எப்போது நுழைந்தார், அவருக்கு வழிவிட்டது எது என்று கேட்டால்தான் மறுபாதி கிடைக்கும். லூயிஸின் பதவிகள் அவரோடு வந்து அவரோடு போயின. 1893இல் மசாசூசெட்ஸ் சட்டத்தில் ஏறிய முடிதிருத்தகம் என்னும் சொல்லில் அவர் பெயர் எழுதப்பட்டிருக்கவில்லை. ஹார்வர்டு வீரராக இருக்க வேண்டுமென்ற நிபந்தனையும் அதில் இல்லை. அதற்குப் பின் அம்மாநிலத்தில் சவரம் செய்துகொள்ளச் சென்ற கறுப்பினக் கூலித் தொழிலாளிக்கும் அச்சொல் உரியதாயிற்று. லூயிஸ் பெற்ற வெற்றிகளுள் பிறருக்கும் பயன்பட்டு நின்றது அதுவே.